பொதுக் கோப்புறையும் தனிக் கணக்கும்

(சங்க மண்டபத்திலே வாலிப அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இக்காலத்து இளைஞருக்குப் பயன்படும் விடயம் ஒன்றைப் பேசுமாறு சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். பெரிய விடயங்களை எடுத்துரைக்கவல்ல அறிஞர் பலர் இச்சபையிலே வீற்றிருக்கின்றனர். பல்கலைக்கழகத்திற் படிப்பை இன்னும் முடிக்காத மாணவன் யான். ஆதலால் மிகச் சிறிய கேள்வி ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகின்றேன். இணையத்திலே நாம் பலர் கூடிப் பகிர்ந்து வைத்திருக்கும் கோப்புறை ஒன்றின் பாரம் யாருடைய கணக்கில் எழுதப்படுகின்றது? கேள்வி இவ்வளவே. ஆனால் இதற்கு விடை தெரியாமையினால் ஒரு சங்கத்தின் முப்பது வருடச் சரித்திரம் ஒரே இரவிற் காணாமற் போகக்கூடும்.

பெரியோர்களின் பொருட்டு இரண்டொரு சொற்களை முதலில் விளக்குதல் நன்று. கோப்பு என்பது ஒரு கடிதமாகவோ, படமாகவோ, ஒரு புத்தகத்தின் பிரதியாகவோ இருக்கலாம். பல கோப்புகளை இட்டு வைக்கும் உறை கோப்புறை. இவற்றை வீட்டுக் கணினியில் வைக்காமல், இணையத்தின் வழியே ஒரு கம்பனியின் களஞ்சியத்திலே வைப்பதைத்தான் முகிலிலே வைத்தல் என்கின்றார்கள். முகில் என்ற பெயரைக் கேட்டு மயங்கவேண்டியதில்லை. அது வானத்தில் மிதப்பதன்று. பெரிய கட்டிடங்களுக்குள்ளே, குளிரூட்டப்பட்ட அறைகளிலே, இரவு பகலாக மின்சாரம் உண்ணும் இயந்திரங்களிலே அது இருக்கின்றது. அந்த இயந்திரங்கள் நம்முடையவை அல்ல. ஓர் அளவுக்கு இடத்தைக் கம்பனிகள் நமக்கு இலவசமாகத் தருகின்றன. கூகிள் 15 ஜீபீ தருகின்றது. மைக்ரோசொவ்றின் ஒன்ட்ரைவும் அப்பிளின் ஐக்கிளவுட்டும் 5 ஜீபீ தருகின்றன. ட்ரொப்பொக்ஸ் 2 ஜீபீ தருகின்றது.

இந்த அளவுகளை நமக்குத் தெரிந்த ஒரு பொருளைக்கொண்டு அளந்து பார்ப்போம். நூறு பக்கமுள்ள ஓர் ஆண்டு மலரைத் தெளிவாக ஸ்கான் செய்தால், பக்கம் ஒன்றுக்கு 5 எம்பீ என்று வைத்துக்கொண்டாலும் மலர் ஒன்றுக்கு 500 எம்பீ ஆகும். முப்பது வருட மலர்களுக்கு ஏறக்குறைய 15 ஜீபீ. கூகிள் தரும் இலவச இடம் முழுவதும் அத்துடன் நிரம்பிவிடும். ட்ரொப்பொக்சில் நான்கு மலர்களுக்கு மேல் வைக்க இடமில்லை.

நிற்க. இனி விடயத்துக்கு வருவோம்.

எங்கள் ஊர்ச் செம்மண்ணிலே தோட்டம் செய்தோருக்குப் பங்குக் கிணறு என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. நான்கு பேருக்குச் சொந்தமான காணிகளுக்கு நடுவிலே ஒரு கிணறு இருக்கும். உறுதியை விரித்துப் பார்த்தால், காணியின் எல்லைகளைச் சொல்லிய பின்னர், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்று தவறாமல் எழுதியிருப்பார்கள். இன்றைக்கு யாருடைய இறைப்பு, நாளைக்கு யாருடைய இறைப்பு என்ற முறை உண்டு. துலா மிதித்த காலத்திலும் முறை இருந்தது. பம் வைத்து இறைக்கும் இக்காலத்திலும் முறை இருக்கின்றது. கிணற்றைத் தூர் வாரவேண்டுமானால் யார் யார் செலவு கொடுப்பது என்பதும் எல்லாருக்கும் தெரியும். பங்கு என்ற சொல்லை எங்கள் முன்னோர் மேலெழுந்தவாரியாக வழங்கவில்லை. பங்கு என்றால் அனுபவிக்கும் உரிமையும் உண்டு, சுமக்கும் கடனும் உண்டு, அவை இரண்டும் எழுத்திலும் உண்டு.

இணையத்திலே பகிர்தல் என்ற சொல்லை நாம் அப்படி ஆராய்ந்து வழங்குகின்றோமா? இல்லை. வட்ஸ்அப்பிலே ஓர் இணைப்பு வருகின்றது. அதைத் தொடுகின்றோம். கோப்புறை திறக்கின்றது. "இது எங்களுடையது" என்று எண்ணிக்கொள்கின்றோம். அதிலே நமக்குப் பங்கு உண்டா அல்லது பார்க்கும் அனுமதி மாத்திரம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

உண்மையில் இந்தப் பகிர்வுக்கு மூன்று விதமான கணக்கு முறைகள் வழக்கில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவேன்.

முதலாவது, எல்லாருடைய கணக்கிலும் முழுப் பாரத்தையும் எழுதும் முறை. ட்ரொப்பொக்ஸ் இலவசக் கணக்குகளிலே இம்முறையைக் கைக்கொள்ளுகின்றது. ஒரு சங்கத்தின் காரியதரிசி 1.5 ஜீபீ உள்ள ஒரு கோப்புறையைப் பத்து அங்கத்தவருடன் பகிர்ந்துகொண்டார் எனக் கொள்வோம். பத்துப் பேரும் பங்கு பிரித்து ஆளுக்குச் சிறிது சுமப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படியன்று. ஒவ்வொருவருடைய கணக்கிலும் 1.5 ஜீபீ முழுமையாக எழுதப்படும். 2 ஜீபீ உடைய ஒருவருக்கு மிஞ்சுவது அரை ஜீபீ. இந்நிலையில் அங்கத்தவர் ஒருவர் தமது தமையனாரின் கலியாண வீடியோவை, 1 ஜீபீ அளவுடையதை, அந்தப் பொதுக் கோப்புறையிலே கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன நடக்கும்? கலியாணம் ஒரு வீட்டில்; பாரம் அத்தனை வீட்டிலும். இலவசக் கணக்குடைய எல்லாரும் ஒரே நேரத்தில் அளவு கடந்தவர் ஆவார்கள். அவர்களுடைய கணினிகளுக்கும் முகிலுக்கும் இடையே கோப்புகள் புதுப்பிக்கப்படுவது நின்றுவிடும். இடமில்லாத ஒருவரைப் புதிதாக அந்தக் கோப்புறையிற் சேர்க்கவும் முடியாது. ஆயினும் இணைப்பின் வழியே பார்த்துவிட்டு மாத்திரம் போகிறவருடைய கணக்கில் எதுவும் எழுதப்படுவதில்லை.

அந்தக் கம்பனி பத்துப் பேருக்காகப் பத்துப் பிரதிகளைத் தன் களஞ்சியத்தில் அடுக்கி வைக்கின்றது என்பது இதன் பொருளன்று. இங்கே எழுதப்படுவது இயந்திரத்தில் நிரம்பிய இடத்தின் அளவு அன்று. கம்பனிக்கும் நமக்கும் உள்ள உடன்படிக்கையின் அளவு. இதை மனத்திற் கொண்டால் மற்றைய முறைகளும் எளிதில் விளங்கும்.

இரண்டாவது, கோப்புறையின் சொந்தக்காரர் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும் முறை. ஒன்ட்ரைவும் ஐக்கிளவுட்டும் இவ்வழியின. யார் கொண்டுவந்து வைத்தாலும், வைக்கப்பட்ட இடம் யாருடையதோ அவருடைய 5 ஜீபீயிற்றான் அது கழிக்கப்படும். விருந்தினருக்குச் செலவில்லை. பத்து வாலிபர்கள் திருவிழாப் படங்களை ஆர்வத்தோடு ஏற்றுகின்றார்கள். பாவம், காரியதரிசியின் கணக்கு மூன்றாம் திருவிழா முடிவதற்குள் நிரம்பிவிடுகின்றது. அவர் இடம் தேடி அழிக்கத் தொடங்குகின்றார். எதை அழிக்கின்றார், யாருடையதை அழிக்கின்றார் என்று மற்றவர்க்குத் தெரியாது.

மூன்றாவது, கொண்டுவந்து வைத்தவரே சுமக்கும் முறை. இதுவே கூகிள் ட்ரைவின் வழி. நமது மாணவரிற் பெரும்பாலோர் கையாளுவது இதுவாதலால் இதனைச் சிறிது விரித்துக் கூறவேண்டும். மற்றொருவர் உங்களுடன் பகிர்ந்த கோப்பு உங்கள் 15 ஜீபீயிற் சேராது. ஆனால் மற்றொருவருடைய கோப்புறைக்குள்ளே நீங்கள் ஏற்றிய கோப்பு உங்களுடைய கணக்கிலேயே எழுதப்படும். ஏனெனில் அதற்குச் சொந்தக்காரர் நீங்களே. ஆகவே வெளிப்பார்வைக்கு ஒரே கோப்புறை. உள்ளே பத்துச் சொந்தக்காரர். ஓர் அங்கத்தவர் தமது கணக்கை மூடிவிட்டால், அவர் ஏற்றிய கோப்புகள் மாத்திரம் நடுவிலிருந்து கழன்று போகும். பல் விழுந்த வாய்போலக் கோப்புறை எஞ்சி நிற்கும். முப்பது மலர்களில் ஏழு மலர்கள் ஏன் இல்லை என்று பிற்காலத்தார் தேடினால் விடை சொல்ல ஆளிராது.

கோப்புறையை உரிமை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் கருதுகின்றனர். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கூகிளிலே கோப்புறையின் உரிமையை மற்றொருவருக்கு மாற்றினால் உறைதான் மாறுகின்றது. உள்ளே இருக்கும் கோப்புகளின் உரிமை பழையவரிடமே நிற்கின்றது. அவற்றையும் தனித்தனியே மாற்றவேண்டும். பெறுகிறவரும் இசைந்து ஏற்கவேண்டும். வளவை எழுதிக் கொடுத்து, அதிலுள்ள பனைகளை எழுத மறந்த உறுதி போன்றது இது.

அன்பர்களே, கூகிளின் அந்த 15 ஜீபீயும் கோப்புகளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். ஜீமெயிற் கடிதங்கள், படங்கள், கோப்புகள் ஆகிய மூன்றும் ஒரே பத்தாயத்தில் இருக்கின்றன. முன்னர் சற்றுத் தரம் குறைத்து ஏற்றிய படங்கள் கணக்கிற் சேராமல் இருந்தன. 2021 ஆம் ஆண்டு யூன் 1 ஆம் திகதி முதல் ஏற்றப்படுபவை சேர்கின்றன. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் உள்ள வட்ஸ்அப் உரையாடல்களின் சேமிப்பும் 2024 ஆம் ஆண்டிலிருந்து அதே பத்தாயத்திற் சேர்கின்றது. குப்பைத் தொட்டியில் எறிந்தவையும், தொட்டியை வெறுமையாக்கும் வரையில் இடம் பிடித்தே நிற்கும். பத்தாயம் நிரம்பினால் புதுக் கோப்பு ஏற்ற இயலாது. அதனினும் பெரிய இடர், ஜீமெயிலில் கடிதம் அனுப்பவும் பெறவும் இயலாது.

அந்த நேரத்தில் மனிதர் செய்வது என்ன? உத்தியோகத்துக்கு விண்ணப்பித்து நேர்முகக் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் ஓர் இளைஞனுடைய கணக்கு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் எதைப் பெரிய கோப்பு என்று காண்கின்றானோ அதை அழிப்பான். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. அவனுடைய கணக்கு, அவனுடைய கடிதம், அவனுடைய எதிர்காலம். ஆனால் அவன் அழித்தது பொதுப் பொருளாக இருந்தால்?

எங்கள் வகுப்பிலே இவ்வாறு ஒன்று நடந்தது. மேல்வகுப்பு அண்ணர் ஒருவர் பழைய வினாத்தாள்களையும் விரிவுரைக் குறிப்புகளையும் நெடுநாட்களாகச் சேர்த்து ஒரு கோப்புறையில் வைத்து எல்லாருக்கும் திறந்து விட்டிருந்தார். அறுபது மாணவர் அதையே நம்பியிருந்தோம். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் கோப்புறை வெறுமையாகிவிட்டது. அவர் படிப்பை முடித்து உத்தியோகம் தேடிக்கொண்டிருந்தார். கணக்கு நிரம்பியதும் தமக்கு இனித் தேவையில்லாததை அகற்றிவிட்டார். அறுபது பேரும் அந்தக் குறிப்புகளைத் தினந்தோறும் பார்த்தோமேயன்றி, அவற்றைத் தன் கணினியில் இறக்கி வைத்தவர் எவருமில்லை என்பதை அப்போதே கண்டோம். அந்த அண்ணர் கெட்டவர் அல்லர். நாங்கள் சோம்பேறிகளும் அல்லர். எங்களுக்கு அது எங்களுடையது என்ற எண்ணம் இருந்தது. அவருக்கு அது தம்முடையது என்ற உண்மை இருந்தது.

இந்த இடத்திலே மீண்டும் கிணற்றை நினைத்துப் பாருங்கள். எங்கள் தேசவழமை 1707 ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், எழுத்திலே தொகுக்கப்பட்டது. அவ்வழமையின்படி பங்காளி ஒருவர் தமது பங்கை விற்க விரும்பினால் முதலில் மற்றைய பங்காளிகளுக்கு அறிவித்தல் வேண்டும்; கொள்ளும் முதலுரிமை அவர்களுக்கே உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இம் முன்னீட்டுரிமையை ஒழுங்குபடுத்தி நிறுவியது. போகிறவர் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பது எங்கள் மண்ணின் பழைய நீதி. முகிலிலே அந்த நீதி இல்லை. கோப்பின் சொந்தக்காரர் அதை நிரந்தரமாக அழிக்க முன்னர் உங்களுக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சட்டம் செய்யாததை நாமே ஒழுங்கு வகுத்துச் செய்துகொள்ளவேண்டியவர்களாய் இருக்கின்றோம்.

"அப்படியானால் எல்லாரும் சுமக்கும் முதலாவது முறையே நல்லதல்லவா? ஒவ்வொருவரும் பாரம் ஏற்றால் ஒவ்வொருவரிடமும் பொருள் இருக்குமே" என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்கு அது மெய்யே. அம்முறையிலே கோப்புகள் பல கணினிகளிலும் இறங்கி நிற்கலாம். ஆயினும் திருத்தும் உரிமை பெற்ற ஒருவர் ஒரு கோப்பை அழித்தால் அது எல்லாரிடமிருந்தும் அழிந்துபோகும். இலவசக் கணக்கிலே 30 நாட்களுக்குள் மீட்கலாம்; அதற்குள் எவரும் கவனியாவிட்டால் போனது போனதுதான். பாரம் சுமக்கப் பத்துத் தோள்கள். அழிப்பதற்கு ஒரு விரல் போதும். ஆகவே எந்த முறையாயினும், பகிர்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. இன்று யான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவே.

இந்த வேறுபாடு கணினி வந்த பின் தோன்றிய புதுமை அன்று. ஏட்டுச் சுவடிக் காலத்திலும் இருந்தது. நமக்கு அணித்தான சிறுப்பிட்டியிலே 1832 ஆம் ஆண்டிற் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனாரின் செமினரியிற் கல்வி பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கியவர். அவர் பல இடங்களிலும் ஏடு தேடினார். ஏடு வைத்திருந்தோர் பலர். அவ்வேடுகளோ செல்லரித்தும் ஒடிந்தும் அழிந்துகொண்டிருந்தன. தேடிப் பெற்றவற்றை ஒப்புநோக்கி அச்சிலேற்றினார். கலித்தொகை 1887 ஆம் ஆண்டில் அவ்வாறு அச்சேறியது. இரவல் வாங்கிய ஏடு திருப்பிக் கொடுக்கவேண்டிய ஏடு. படியெடுத்த ஏடே நம்முடைய ஏடு. இன்று வட்ஸ்அப்பில் வரும் இணைப்பு இரவல் ஏடு போன்றது. நமது வன்தட்டில் இறக்கி வைத்ததே படியெடுத்த ஏடு.

ஒரே இடத்தில் இருந்த பொருளை இழந்த துயரத்தை இந்த யாழ்ப்பாணத்துக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கையிற் கொண்டுபோனது குழந்தைகளையும் கொஞ்சம் அரிசியையும்தான். சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளும் மலர்களும் அலுமாரிகளிலே இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தபோது பல வீடுகளில் அலுமாரியும் இல்லை. இன்று ஒரு சிறு தொலைபேசியிலே நூறு மலர்களைக் கொண்டுபோகலாம். எங்கள் பெற்றோருக்குக் கிடையாத வசதி எங்களுக்குக் கிடைத்திருக்கின்றது. இதை ஒரு மாணவனின் இலவசக் கணக்கிலே தொங்கவிட்டுவிட்டுப் போவோமானால், வருங்காலத்தார் எங்களைப் பொறுப்பார்களா?

தொங்குகின்ற அந்தக் கயிறு எவ்வளவு மெல்லியது என்பதையும் பாருங்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாமற் கிடக்கும் தனியாள் கணக்குகளை நீக்குவதாகக் கூகிள் 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து நீக்கும் வேலை தொடங்கியது. ட்ரொப்பொக்சிலே இலவசக் கணக்கு பன்னிரண்டு மாதம் திறக்கப்படாதிருந்தால் அதை நிறுத்தும் உரிமையைக் கம்பனி வைத்திருக்கின்றது. பல்கலைக்கழகத்தார் தரும் கணக்குகளை நம்பலாமே என்றால், அங்கும் நிலை மாறிவிட்டது. கல்வி நிலையங்களுக்கு எல்லையின்றிக் கொடுத்த இடத்தைக் கூகிள் 2022 ஆம் ஆண்டு யூலையிலிருந்து நிலையம் முழுவதற்கும் 100 ரீபீ என்று எல்லைப்படுத்தியது. அன்றியும் பட்டம் பெற்று வெளியேறும் மாணவனிடம் அந்தக் கணக்கு என்றும் இருக்கும் என்று சொல்ல இயலாது. கணக்கைத் திறக்கும் இலக்கங்கள் ஒரு தொலைபேசிக்கு வருகின்றன. அந்தத் தொலைபேசிக்குரியவர் கனடாவுக்கோ இலண்டனுக்கோ சென்று சிம்மை மாற்றிவிட்டால், கதவு பூட்டியபடி இருக்கும். திறப்பு கடலுக்கு அப்பால் இருக்கும்.

"காசு கொடுத்து இடம் வாங்கிவிடலாமே, வெளிநாட்டிலுள்ள நம்மவர் ஒருவர் கட்டுவாரே" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கட்டுவார், நன்றி. ஆனால் அவர் கட்டும் வரையில்தான் இடம். கட்டணம் நின்றால் கணக்கு மீண்டும் 15 ஜீபீக்கு இறங்கும். அதற்கு மேல் உள்ளது அளவு கடந்த பொருளாகிவிடும். இரண்டு வருடம் தொடர்ந்து அளவு கடந்து நின்றால் உள்ளதை அழிக்கும் உரிமை கம்பனிக்கு உண்டு. ஆகவே காசு கொடுப்பது தவறன்று. காசை மாத்திரம் நம்புவது தவறு.

அப்படியாயின் நாம் செய்யவேண்டியது யாது? இச்சபையின் முன் ஐந்து யோசனைகளைப் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது, சங்கத்துக்கென்று சங்கத்தின் பெயரிலேயே ஒரு கணக்குத் திறக்கவேண்டும். மலர்கள், கூட்ட அறிக்கைகள், வரவு செலவுக் கணக்குகள் யாவும் அந்தக் கணக்கினாலேயே ஏற்றப்படவேண்டும். அங்கத்தவர் தத்தம் கணக்கிலிருந்து ஏற்றினால் உரிமை அவர்களிடம் நின்றுவிடும் என்பதை முன்னரே கண்டோம். மற்றவர்க்குப் பார்க்கும் உரிமை போதும். திருத்தும் உரிமை இருவர் மூவருக்கே இருக்கட்டும்.

இரண்டாவது, கடவுச்சொல்லைத் தலைவரும் காரியதரிசியும் அறிந்திருக்கவேண்டும். ஒரு பிரதியை உறையிலிட்டு ஒட்டித் தனாதிகாரியின் பெட்டியில் வைக்கலாம். புதிய நிருவாக சபை பொறுப்பேற்கும்போது பணப்பெட்டியின் திறப்போடு இதையும் கைமாற்றுதல் வேண்டும். கணக்கோடு இணைந்த தொலைபேசி இலக்கத்தையும் அன்றே மாற்றிக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, ஓர் இடாப்பு வேண்டும். யான் பயின்ற மிஷன் பாடசாலையிலே நூல்நிலையப் பொறுப்பாசிரியர் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இலக்கமிட்டு, அது எந்த அலுமாரியில், எத்தனை பிரதி, யாரிடம் என்று இடாப்பிலே எழுதி வைப்பார். கல்லூரி மூடும் நாளில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். அந்த வழக்கத்தை இங்கும் கைக்கொள்வோம். எந்த மலர், எத்தனை பக்கம், எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை ஒரு கொப்பியிலே மையினால் எழுதி வைப்போம். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னர் ஒருவர் கோப்புகளைத் திறந்து எண்ணி, கணக்கறிக்கையோடு ஒப்புவிக்கட்டும். கணக்கு வருடந்தோறும் திறக்கப்படுவதனால் பயன்படாக் கணக்கென்று நீக்கப்படும் அச்சமும் அகலும்.

நான்காவது, முகிலில் உள்ளதன் பிரதி இரண்டு வன்தட்டுகளில் வேண்டும். ஒன்று சங்க மண்டபத்தில் இருக்கட்டும். மற்றது வேறோர் ஊரில் உள்ள நம்பிக்கைக்குரிய ஒருவர் வீட்டில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைத்தால் இரண்டு பிரதி என்று சொல்லுவதிற் பொருளில்லை.

ஐந்தாவது, வெளிப்படையாக எல்லாரும் படிக்கத்தக்க மலர்களின் பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு வழங்கலாம். 2005 ஆம் ஆண்டில் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட அந்த எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் ஆவணப்படுத்தி எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கின்றது. அங்கே சேரும் ஒரு மலர், எந்த ஒரு மாணவனுடைய ஜீமெயிலும் நிரம்புவதனால் அழிந்துபோகாது. அங்கத்தவரின் விலாசங்களும் பணக் கணக்குகளும் அவ்வாறு வெளியிற் போகத் தகாதவை. அவற்றை நாமே காக்கவேண்டும்.

இவ்வைந்துக்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. வன்தட்டு இரண்டும், கொப்பி ஒன்றும், வருடத்தில் ஒரு நாளைய உழைப்பும் போதும். வேண்டியது முறை ஒன்றே. முறை இல்லாத கிணற்றில் தண்ணீர் இருந்தும் தோட்டம் காயும்; பங்காளிகள் கோட்டுக்குப் போவார்கள்.

வாலிப அன்பர்களே, நாளைக் காலையிலேயே உங்கள் தொலைபேசியிற் பகிர்ந்து கிடக்கும் கோப்புறைகளைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் யார் என்று எழுதியிருக்கும். அது உங்கள் பெயராயின், அதனை நம்பி எத்தனை பேர் இருக்கின்றனர் என்று எண்ணுங்கள். அழிக்க முன்னர் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது உங்கள் பெயர் அன்றாயின், உங்களுக்கு வேண்டியதை இன்றே படியெடுத்து வையுங்கள்.

பெரியோர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகங்களிலே இச்சங்கத்தின் பழைய மலர் ஏதேனும் இருந்தால், செல் அரிக்குமுன் எங்களிடம் இரண்டு நாட்களுக்கு இரவலாகத் தாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். அப்போது இடாப்பிலே முதலாவது வரியை எழுதுவோம்.